பணம் கட்டிப் பன்றி வேட்டை: பன்றி குறையுமா?

இந்த எபிசோட்ல நாம போகப்போறது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்கு. அங்கே நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் தனியார் கையில் இருக்கு. அதனால பன்றி வேட்டைன்னா, பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட பண்ணைக்குப் பணம் கட்டி, வழிகாட்டியோட போறதுதான். நில உரிமையாளர் அனுமதி கொடுத்தா, 2019-லிருந்து இதுக்கு வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம்.

வேட்டை எப்படி நடக்குது?

டைமர் வெச்ச ஒரு டப்பா, குறிச்ச நேரத்துல மக்காச்சோளத்தைத் தூவும். கொஞ்சம் தள்ளி, ஒரு மறைவுக் கூண்டில் வேட்டைக்காரர் காத்திருப்பார். எதைச் சுடணும்னு வழிகாட்டி சொல்வார். சுவரில் மாட்டுற பரிசுக்காக வந்தவருக்கு வேண்டியது, நீண்ட கோரைப்பல் உள்ள வயசான ஆண் பன்றி. கீழ்க் கோரைப்பல் வாழ்நாள் முழுக்க வளரும். மேல்பல்லில் உரசி உரசிக் கத்தி மாதிரி கூர்மையாகும்.

சரி, இதனால பன்றி குறையுதா?

இங்கேதான் சிக்கல். ஒரு ஆண் பன்றி பல பெண் பன்றிகளோடு சேரும். அது போனா இன்னொன்று வந்துடும். எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது தாய்ப்பன்றிதான். ஒரு வயசு ஆகுறதுக்கு முன்னாடியே சினை பிடிக்கும். ஒரு ஈற்றுக்கு 4 முதல் 6 குட்டிகள் சாதாரணம். பெருக்கத்தை நிறுத்தி வைக்கவே, வருஷாவருஷம் ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கை அகற்றணும்னு ஆய்வாளர்கள் கணக்கு சொல்றாங்க. ஒரு துப்பாக்கிச் சத்தத்துல ஒரு பன்றி விழும். மிச்சக் கூட்டம் பக்கத்து விவசாயி வயலுக்குச் சிதறி ஓடும்.

டென்னசி மாநிலத்தின் அனுபவத்தைப் பாருங்க. 1999-ல் மாநிலம் முழுக்க, எண்ணிக்கை வரம்பில்லாமல் வேட்டைக்குத் திறந்துவிட்டாங்க. பன்றி குறையலை, இன்னும் பல மாவட்டங்களுக்குப் பரவிச்சு. காரணம், வேட்டை ஆசையில சிலர் பன்றிகளைப் பிடிச்சுட்டுப் போய்ப் புது இடங்கள்ல சட்டவிரோதமா விட்டாங்க. 2011-ல் அரசு விளையாட்டு வேட்டையை நிறுத்திட்டு, கட்டுப்படுத்தும் வேலையை நில உரிமையாளர்கள் பக்கம் திருப்பிவிட்டது. மிசௌரி மாநிலமும் 2016-ல் தன் வனப் பாதுகாப்பு நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செஞ்சது.

அப்போ எதுதான் பலன் தரும்?

பெரிய வளையக் கூண்டு. உள்ளே இரை போட்டு, கூட்டம் பயமில்லாம வந்து போகப் பல நாள் பழக்கணும். கேமரால பார்த்து, கடைசிப் பன்றியும் உள்ளே வந்தபிறகுதான் கதவை விடணும். பொறுமையான வேலை, இதுல சுவரில் மாட்ட எதுவும் கிடைக்காது.

பண்ணைக்காரர் தரப்பிலும் நியாயம் இருக்கு. பயிர் இழப்பில் கொஞ்சமாவது வேட்டைக் கட்டணத்துல திரும்பி வருது. ஆனா பன்றியே வருமானம் ஆயிட்டா, அதை ஒழிக்க யாருக்கு மனசு வரும்?

நீங்க போறதா இருந்தா, ரெண்டு கேள்வி கேளுங்க: பெண் பன்றியையும் சுடுறாங்களா? கூண்டும் வைக்கிறாங்களா? இன்னொன்று, கறி வெட்டும்போது கையுறை கட்டாயம். புருசெல்லா கிருமி ரத்தம் வழியா மனுஷருக்குத் தொத்தும். நல்லா வேகவெச்சே சாப்பிடுங்க.