முதுகெலும்பின் வளைவுகள்: அறிவோம், காப்போம்

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையின் செங்குத்தான ஏற்றத்தை வண்டிகள் தாங்கும்படி பகிர்ந்தளிப்பவை அந்த வளைவுகளே. நம் முதுகெலும்பின் வளைவுகளும் உடலின் பாரத்தை இவ்வாறே பகிர்ந்து தாங்குகின்றன. ஆயினும், "எலும்பு வளைந்துவிட்டதா, டாக்டர்?" என்று எக்ஸ்ரே படத்துடன் அஞ்சி வருவோர் பலரை நாங்கள் காண்கிறோம். பக்கவாட்டில் பார்க்கும்போது முதுகெலும்பு அளவாக வளைந்திருப்பது நோயன்று, இயற்கையின் அமைப்பு.

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 அசையும் எலும்புகள் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே ஒன்றிணைந்த இடுப்படி எலும்பும் வால் எலும்பும் அமைந்துள்ளன. கழுத்தும் இடுப்பும் முன்னோக்கி வளைந்தவை. மார்புப் பகுதியும் இடுப்படியும் பின்னோக்கி வளைந்தவை. பிறந்த குழந்தையின் முதுகு முழுவதும் பின்னோக்கிய ஒரே வளைவாக இருக்கும். குழந்தை தலை நிமிர்த்தும்போது கழுத்தின் வளைவும், உட்கார்ந்து நடக்கப் பழகும்போது இடுப்பின் வளைவும் உருப்பெறுகின்றன.

எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் உள்ள வட்டுகளை மக்கள் 'ஜவ்வு' என்பர். வளைவுகளும் ஜவ்வுகளும் சேர்ந்து சுருள்வில்லைப் போல அதிர்ச்சியைத் தாங்குகின்றன. நெடுநேரம் குனிந்திருந்தால் இடுப்பின் வளைவு தட்டையாகி, ஜவ்வின் முன்பகுதி அழுந்துகிறது. பின்பகுதியின் நார்களோ இழுபடுகின்றன. நாளடைவில் அவை நைந்து ஜவ்வு பிதுங்கினால் நரம்பு அழுத்தப்பட்டு, வலி காலுக்குப் பரவக்கூடும்.

குனிந்து அரம் தேய்க்கும் பூட்டுத் தொழிலாளர், தறியில் அமரும் சின்னாளப்பட்டி நெசவாளர், வாழைத்தார் சுமக்கும் சிறுமலைத் தோட்டத் தொழிலாளர் ஆகியோர் இதை அறிந்திருத்தல் நன்று. 10 கிலோ சுமையை முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால், சுமார் 5 செ.மீ. தொலைவிலிருந்து இழுக்கும் முதுகுத் தசைகள் அதற்காக மட்டுமே ஏறக்குறைய 100 கிலோ அளவு விசை செலுத்த வேண்டும். அதே சுமையை 20 செ.மீ. அருகில் அணைத்தால் 40 கிலோ போதும். எனவே முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு சேர்த்துத் தூக்குங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருப்பாமல், பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள்.

தொழிலை விட்டுவிடுமாறு நாங்கள் கூறவில்லை. அரைமணி நேரத்திற்கொருமுறை எழுந்து, இடுப்பில் கைவைத்து மெல்லப் பின்னோக்கி வளைந்து, சில அடிகள் நடந்தாலே பெரும்பயன் உண்டு. உட்காரும்போது இடுப்பின் பின்னே சுருட்டிய துண்டு ஒன்றை வையுங்கள். கைப்பேசியைக் கண்மட்டத்திற்கு உயர்த்திப் பாருங்கள். நாள்தோறும் நடப்பதும், வயிறு மற்றும் முதுகுத் தசைகளுக்கான பயிற்சியும் வளைவுகளைக் காக்கும். இடுப்பு பெல்ட் தசை வலிமைக்கு மாற்றாகாது. சாதாரண முதுகுவலிக்குப் பல நாள் படுத்தே இருப்பது தசைகளைத் தளர்த்தும்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. வளரும் பிள்ளை குனியும்போது முதுகின் ஒருபுறம் மேடாகத் தெரிந்தால், அது பக்கவாட்டு வளைவாக இருக்கலாம். முதிய பெண்மணி உயரம் குறைந்து கூன் விழுந்தால், எலும்புத் தேய்வினால் முறிவு ஏற்பட்டிருக்கலாம். முதுகுவலியுடன் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயையும் ஐயுற வேண்டும். இது மருந்தால் குணமாகக்கூடியது. தாமதித்தால் கால்கள் செயலிழக்கலாம்.

கால் வலுவிழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் அடைபடுதல் அல்லது சிறுநீரும் மலமும் கட்டுப்பாடின்றி வெளியேறுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம், தட்டி எடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கும் ஓரிரு நாள்களில் நரம்பு மீளாத பாதிப்பை அடையக்கூடும். உரிய நேரத்தில் வந்தோரை மீண்டும் நடக்கவைப்பது எங்களுக்கு எளிதாகிறது.