துவைக்காத சட்டையை விட்டுச் செல்லுங்கள்

“சார், தீபாவளிக்கு ஈப்போ போய் வந்தால் எங்கள் நாய் இளைத்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா தினமும் சோறு வைக்கத்தான் செய்கிறார்” என்றான் புக்கிட் ரோத்தான் தோட்டத்து மாணவன்.

சோறு இருக்கிறது, பழகிய வாசனை இல்லை. நாய் வீட்டாரை அறிவது பெரும்பாலும் மோப்பத்தால்தான். அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் கிரகரி பெர்ன்ஸ் குழு 12 நாய்களின் மூளையைப் படம்பிடித்து ஆராய்ந்தது. முடிவு 2015இல் வெளியானது. பழகிய மனிதரின் வாசனை வந்ததும், அவர் எதிரில் இல்லாதபோதும், நல்லதை எதிர்பார்க்கும் மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது.

ஆகவே உடுத்திய சட்டையைத் துவைக்காமல் அதன் படுக்கையில் போட்டுச் செல்லுங்கள். அதைவிட முக்கியம் ஒத்திகை. ஒரு வாரம் முன்பே, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, அக்கா சோறு வைக்கட்டும். அவர் வாசனையும் பழகிவிடும். சங்கிலி மட்டும் வேண்டாம், வேலிக்குள் அவிழ்த்து விடுங்கள். பதறும் நாய் இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும்.