மறவாத காவலர்

ஒருமுறை தட்டம்மை கண்டவரை மறுமுறை அந்நோய் தீண்டாது என்பது மக்கள் நெடுநாளாக அறிந்த செய்தி. அந்தக் காப்பு எத்துணை ஆண்டு நிலைக்கும் என்பதைக் காட்டியவை வட அட்லாண்டிக் கடலிலுள்ள பாரோ தீவுகள்.

டென்மார்க்கைச் சேர்ந்த அத்தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. பின்னர் 65 ஆண்டுகள் அது அங்கே தலைகாட்டவில்லை. 1846-இல் மீண்டும் புகுந்தபோது, ஏறத்தாழ 7,800 மக்களில் 6,000 பேருக்கு மேல் சில மாதங்களுக்குள் நோயுற்றனர். அதனை ஆராயச் சென்ற பீட்டர் பானும் என்ற இளம் மருத்துவர் வியப்பானதொன்றைக் கண்டார். 1781-இல் நோய் கண்டு பிழைத்த முதியவர் ஒருவரையும் அது இம்முறை பற்றவில்லை. இளமையில் அதற்குத் தப்பியிருந்த முதியவரையோ அது விடவில்லை. ஆகவே காப்பளித்தது முதுமையன்று, முன்பு வந்த நோயே என்பது தெளிவாயிற்று. அவர்தம் உடல் 65 ஆண்டுகளாக எதையோ நினைவில் வைத்திருந்தது.

முதல் அரண்

உடலின் புறமதில் தோல். மூக்கிலும் தொண்டையிலும் உள்ள சளியும், இரைப்பையின் அமிலமும் அதற்குத் துணை. இவற்றைக் கடந்து வரும் கிருமிகளை வெள்ளணுக்களுள் ஒருவகையான விழுங்கணுக்கள் பற்றி விழுங்குகின்றன. உருசிய அறிஞர் மெச்னிக்கோவ் 1882-இல் இவ்வுண்மையை உணர்ந்தார். இவ்வணுக்கள் விரைந்து பாய்வன. ஆயினும் ஒரு கிருமியை மற்றொன்றினின்று நுட்பமாகப் பிரித்தறிய மாட்டா.

நினைவுடைய படை

அவ்வேலைக்கு உரியவை நிணநீரணுக்கள். இவை எலும்பு மச்சையில் பிறக்கின்றன. அங்கேயே முதிர்வன ‘பி’ அணுக்கள். மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்வன ‘டி’ அணுக்கள். ஒவ்வொரு ‘பி’ அணுவும் ஒரே வகை எதிர்ப்பொருளை ஆக்கவல்லது. பூட்டுக்கேற்ற திறவுகோல் போல் கிருமியோடு பொருந்தும் அணு எதுவோ, அதுவே பல்கிப் பெருகி எதிர்ப்பொருளைக் குருதியில் பொழிகிறது. நம் அணுவுக்குள்ளேயே ஒளிந்துகொண்ட கிருமியை எதிர்ப்பொருள் எட்டாது. அங்கே ‘டி’ அணுக்களில் ஒரு பிரிவு, நோயுற்ற அணுவையே அழிக்கிறது. மற்றொரு பிரிவு படை முழுவதையும் ஊக்குகிறது.

இப்படை திரளப் பல நாள் ஆகும். அதனாலேயே முதன்முறை நோய் முற்றுகிறது. போர் முடிந்தபின் பெரும்பாலான அணுக்கள் மடிகின்றன. சில மட்டும் நெடுங்காலம் தங்குகின்றன. இவையே நினைவணுக்கள். அதே கிருமி மீண்டும் வரின், அது வேரூன்றுமுன் வளைத்துக்கொள்கின்றன. சளிக்காய்ச்சல் கிருமி அடிக்கடி தன் மேலுறையை மாற்றி ஏமாற்றும். தட்டம்மைக் கிருமிக்கு அவ்வாற்றல் இல்லை.

நினைவைத் திருடும் நோய்

ஆயின், நோய் கண்டே காப்புப் பெறலாமே எனல் பிழை. தட்டம்மைக் கிருமி நினைவணுக்களையே தாக்குவது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 சிறுவரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு இதனை மெய்ப்பித்தது. நோய்க்குப் பின், பிற கிருமிகளுக்கெதிராக அவர்கள் முன்பு பெற்றிருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 விழுக்காடு வரை மறைந்திருந்தன. ஒன்றை நினைவிற் கொள்ள உடல் பலவற்றை மறக்க நேர்கிறது.

1963 முதல் வழக்கிலுள்ள தடுப்பூசி, வலுவிழந்த கிருமியைக் காட்டிப் படைக்குப் பயிற்சி தருகிறது. பாரோ முதியவர் நோயுற்றுப் பெற்ற நினைவை, இன்றைய குழந்தை வேறெதையும் இழவாமலே பெறுகிறது.