பரட்டை போட்ட முதல் மீம்!

கையில செல்போன் இருக்கா? இல்லாம எங்க போயிருக்கப் போகுது! அதை அப்படியே கவுத்து வைங்க. ஒரு அஞ்சு நிமிஷம் பேசிட்டுப் போயிடுறேன்.

நான் பேசுறது அல்லிநகரத்துல இருந்து. 'அது எங்கப்பா இருக்கு?'னு கேக்குறீங்களா? இதான் எங்க பிரச்னையே! நகராட்சி போர்டுல 'தேனி-அல்லிநகரம்'னு ரெண்டு பேரும் ஜோடியாத்தான் இருக்கு. ஆனா, பஸ்ல தேனி, ரயில்ல தேனி, கல்யாணப் பத்திரிகையிலயும் தேனி. ஒரு பேர் பிராண்ட் ஆயிட்டா, பக்கத்துல இருக்கிற பேர் எப்படிச் சுருங்கிப் போகும்னு மார்க்கெட்டிங் சார் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுக்க வேண்டாம். எங்க ஊரைக் காட்டினாலே போதும்.

ஆனா பாஸ், இந்தச் சின்ன ஊர்தான் தமிழ் சினிமாவுக்கு ஒரு பெரிய பிராண்டைக் கொடுத்துச்சு. பாரதிராஜா! படத்துல அந்தக் கரகர குரல்ல 'என் இனிய தமிழ் மக்களே'ன்னு கேட்டா, டைட்டில் கார்டே தேவையில்லை. இன்னிக்கு கம்பெனிக்காரங்க கோடிக்கணக்குல கொட்டி உருவாக்கப் பார்க்குற 'சிக்னேச்சர்' இதானே!

வாட்ஸ்அப் இல்லாத வைரல்

1977-ல '16 வயதினிலே' வந்துச்சு. அதுல ரஜினிக்குப் பரட்டைங்கிற வில்லன் வேஷம். அவர் அடிக்கடி கேக்குற 'இது எப்படி இருக்கு?' தமிழ்நாட்டு மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துச்சு. நெட் கிடையாது, ஷேர் பட்டன் கிடையாது. டீக்கடை பெஞ்சுதான் டைம்லைன். கவுண்டமணியோட 'பத்த வச்சிட்டியே பரட்டை' இன்னும் ஒரு படி மேல. படம் வந்தப்போ பிறக்காத பசங்ககூட, யாராவது சண்டை மூட்டி விட்டா அதைத்தான் சொல்றாங்க. மீம்ங்கிற வார்த்தை நம்ம ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே நாம மீம் போட்டுட்டோம்ல!

ஒரு கொசுறு மேட்டர். அந்தப் படத்துல பார்த்த கிராமத்தை 'எங்க தேனிப் பக்கம்'னு நினைச்சு நெஞ்சை நிமித்தாதீங்க. ஷூட்டிங் பெரும்பாலும் கர்நாடகாவுல, மைசூர், கொள்ளேகால் பக்கம்! ஊர் வேற, ஊரோட இமேஜ் வேற. விளம்பரத்தோட முதல் பாடமும் இதான்.

சுத்தியல் கேட்ட கேள்வி

அடுத்த சீன், 2019 மே மாசக் கடைசி. பாகிஸ்தான்ல இருந்து நடக்குற ஒரு சிவில் இன்ஜினீயரிங் ஃபேஸ்புக் பக்கத்துல சுத்தியல் படத்தைப் போட்டு, 'உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?'னு கேட்டாங்க. நம்மாளு ஒருத்தர் சும்மா இருப்பாரா? 'இதுக்குப் பேரு சுத்தியல். இது தலையில விழுந்துதான் கான்ட்ராக்டர் நேசமணிக்கு அடிபட்டுச்சு'ங்கிற கணக்குல பதில் போட்டார். 2001-ல வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்துல வடிவேலு காமெடி அது. 'ஐயோ, அவர் இப்ப நல்லாருக்காரா?'ன்னு யாரோ கேக்க, 'நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்'னு ஒரு ஹேஷ்டேக் கிளம்ப, அது ட்விட்டர்ல உலக ட்ரெண்டிங்குக்கே போயிடுச்சு. டெல்லியில பிரதமர் பதவியேற்பு நடந்த அதே நேரம், நேசமணியும் ட்ரெண்டிங்ல!

கொஞ்ச நேரத்துல பிராண்டுகளும் ஆஜர். அவங்க பொருளுக்குப் பக்கத்துல நேசமணியை ஒட்டி, ஓசியில விளம்பரம். காமெடியை எழுதினவங்களுக்கும் ஒண்ணும் போகல, அந்த கமென்ட்டைப் போட்ட பையனுக்கும் ஒண்ணும் போகல. இன்னொரு விஷயம் தெரியுமா? 2017-ல வந்த 'மெர்சல்' படத்துக்கு அப்புறம், 2022 டிசம்பர்ல 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வர்ற வரைக்கும் வடிவேலுவுக்குப் புதுப் படம் எதுவும் தியேட்டருக்கு வரல. உலகமே அவர் மூஞ்சியை ஷேர் பண்ணிச் சிரிச்சப்போ, அவர் வீட்டுல உக்காந்திருந்தார். லைக்கு வேற, வேலை வேற மக்களே.

கோலா குப்புற விழுந்த கதை

'அப்போ நாமெல்லாம் பிராண்டுகளுக்கு ஓசி வேலைக்காரங்கதானா?'ன்னு கோபப்படாதீங்க. ரிவர்ஸ் கியரும் நம்ம கையில இருக்கு. 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக மெரினாவுல கூடினது யாரு? பெரும்பாலும் நம்ம காலேஜ் செட்டுதான். அந்தப் போராட்டத்துல கிளம்புன கோபம் ஃபாரின் குளிர்பானங்கள் மேலயும் திரும்ப, மார்ச் 1-ல இருந்து பெப்சி, கோக் விக்க மாட்டோம்னு வணிகர் சங்கங்களே அறிவிச்சாங்க. 1916-ல விருதுநகர்ல ஆரம்பிச்ச காளி மார்க்கோட போவொன்டோவை, தாத்தா காலத்து கலர்னு கிண்டல் பண்ணினவங்களே கடையில கேட்டு வாங்கினாங்க.

அந்த வேகம் அப்படியே நிக்கலங்கிறது உண்மைதான். மறுபடியும் அந்த பாட்டில்கள் ஃபிரிட்ஜுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. ஆனா, வாங்குறவன் 'வேணாம்'னு சொன்னா எவ்வளவு பெரிய பிராண்டும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கும்னு அன்னிக்குத் தெரிஞ்சுச்சு.

ரெண்டாயிரம் ரூபா லிங்க்

இப்போ என் கதை. சிரிக்காம கேளுங்க.

காலேஜ்ல நாங்க நாலு பேர் சேர்ந்து, நம்ம ஊரு பேர்ல ஒரு மீம் பேஜ் நடத்தினோம். வீரபாண்டித் திருவிழா கூட்டம், போடி மெட்டுக்கு பைக்ல போயி பாதியில பெட்ரோல் தீர்றது, லேட்டா வர்ற டவுன் பஸ்... இதான் எங்க சரக்கு. ஃபாலோயர்ஸ் கூடிச்சு. ஒரு நாள் இன்பாக்ஸ்ல மெசேஜ்: 'ப்ரோ, கொலாப் பண்ணலாமா? ஸ்டோரியில ஒரு லிங்க் போட்டா போதும், ரெண்டாயிரம்.' எங்களுக்குத் தலைகால் புரியல. லிங்க்கைத் திறந்துகூடப் பார்க்காம போட்டோம். அன்னிக்கு ராத்திரி பிரியாணி.

அது காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம்.

மூணு வாரம் கழிச்சு ஹாஸ்டல் ஜூனியர் ஒருத்தன் எங்க ரூம் வாசல்ல வந்து நின்னான். செமஸ்டர் ஃபீஸ் மொத்தத்தையும் விட்டுட்டான். எங்களைத் திட்டல. 'நீங்க போட்டிருந்தீங்கல்லண்ணே... நம்ம அண்ணங்கதானேன்னு நம்பி ஆடினேன்'னு மட்டும் சொன்னான். எனக்கு கவுண்டமணி டயலாக்தான் ஞாபகம் வந்துச்சு. பத்த வச்சது யாரு? நான்தான்!

நாலு பேரும் கையில இருந்ததைப் போட்டோம். பத்தல. மீதிக்கு அவங்க அப்பாகிட்ட நாங்களே போய் நின்னோம். கம்பத்துக்குப் பக்கத்துல திராட்சைத் தோட்டத்துல கூலிக்குக் கவாத்து வெட்டுறவர். எல்லாத்தையும் கேட்டுட்டு, 'காபி சாப்பிடுறீங்களாப்பா?'ன்னார். நாலு அறை விட்டிருக்கலாம். வலி ஒரு நாள்ல போயிருக்கும்.

அதனாலதான் சொல்றேன், இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. காசோ ஓசிப் பொருளோ வாங்கிட்டு போஸ்ட் போட்டா, 'இது விளம்பரம்'னு பளிச்சுனு சொல்லணும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021 ஜூன்லயே இந்த விதியைக் கொண்டு வந்துடுச்சு. 2023 ஜனவரியில மத்திய நுகர்வோர் துறையும் இதையே சொல்லிடுச்சு. ஜனங்களை ஏமாத்துற விளம்பரத்துக்கு 10 லட்சம் வரைக்கும் அபராதம், மறுபடி மாட்டினா 50 லட்சம் வரைக்கும். காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிரா 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்தின சட்டத்துல, அதுக்கு விளம்பரம் பண்றவங்களுக்கே 2 வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம்னு இருக்கு. எங்க பிரியாணி விலையை யோசிச்சுப் பாருங்க!

திராட்சைக்கு யார் ரீல்ஸ் போடுறது?

காபி குடிச்சிட்டுக் கிளம்புறப்போ, அந்த அப்பா ஒரு பை நிறைய பன்னீர் திராட்சை கொடுத்து விட்டார். வேணாம்னாலும் விடல.

அந்தத் திராட்சையும் இப்போ ஒரு பிராண்ட்தான் தெரியுமா? 'கம்பம் பன்னீர் திராட்சை'க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. மஸ்கட் ஹாம்பர்க்ங்கிற வெளிநாட்டு ரகம். 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்ததா சொல்வாங்க. நம்ம மண்ணும் தண்ணியும் ஒத்துப் போனதால இங்க அநேகமா வருஷம் பூரா காய்க்குது. எங்கிருந்தோ வந்து நம்ம ஊர்க்காரனாவே ஆயிடுச்சு!

இந்த பிராண்டுல ஒரு ஸ்பெஷல் என்னன்னா, இது எந்த கம்பெனிக்கும் சொந்தமில்ல. மண்ணுக்கும், அதுல பாடுபடுறவங்களுக்கும் சொந்தம். வேற ஊர்ல விளைஞ்ச பழத்துக்கு இந்தப் பேரை வைக்கக் கூடாது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். ஆனா சர்டிஃபிகேட் மட்டும் பழத்தை வித்துக் கொடுத்துடாது. வாங்குறவனுக்கு விஷயம் தெரிஞ்சாத்தானே 'கம்பம் பழமா?'ன்னு கேட்டு வாங்குவான்? அதைச் சொல்றதுக்கு விளம்பர கம்பெனி வராது, இன்பாக்ஸ்ல கொலாப் கேட்டு மெசேஜும் வராது.

அதை நாமதான் செய்யணும். எங்க பேஜ்ல அந்த லிங்க்கைத் தூக்கிட்டு, 'நாங்க பண்ணினது தப்பு'ன்னு எழுதிப் போட்டோம். அடுத்த போஸ்ட் திராட்சைப் பந்தல். மீமுக்கு வர்ற லைக்ல கால்வாசிகூட வரல. பரவால்ல. அதைப் பார்த்து எந்தப் பையனும் எங்க ரூம் வாசல்ல வந்து நிக்கப் போறதில்லையே!

உங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு இருக்கும். மிட்டாயோ, மல்லியோ, பாயோ, சேலையோ. இந்த வாரம் அதைப் பத்தி ஒரு போஸ்ட் போடுங்க. காசு வராது. ராத்திரி நல்லா தூக்கம் வரும்.

சரி, கவுத்து வெச்ச போனை இப்போ எடுத்துக்கலாம். ஆனா ஒண்ணு... பரட்டை அந்தக் கேள்வியை எப்பவும் அடுத்தவனைப் பார்த்துத்தான் கேப்பான். நீங்க ஷேர் பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை உங்களையே கேட்டுக்கோங்க...

இது எப்படி இருக்கு?