காருக்கும் ஒரு செருப்பு

மழைக்காலம் வந்துவிட்டால் வீட்டில் நம் கண் முதலில் எங்கே போகிறது? வாசலில் கிடக்கும் செருப்புகளின் மேல்தான். அடி தேய்ந்து வழவழவென்று போன செருப்பைப் போட்டுக்கொண்டு குழந்தை ஈர முற்றத்தில் ஓடினால், "விழுந்து பல்லை உடைத்துக்கொள்ளப் போகிறாய்!" என்று ஓர் அதட்டல் போடுகிறோம். அன்று மாலையே புதுச் செருப்பும் வந்துவிடுகிறது.

நல்லது. ஆனால் வாசலில் இன்னொன்றும் நிற்கிறதே, அதன் காலை என்றைக்காவது கவனித்தீர்களா? அதற்கு நாலு செருப்பு. ஸ்கூட்டரானால் இரண்டு. "அதெல்லாம் அவர் சமாசாரம், எனக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கிவிடாதீர்கள். சென்ற ஐப்பசி வரையில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

அன்று வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். காரை ஓட்டியவள் என் அக்கா. பின் ஸீட்டில் அவளுடைய இரண்டு பெண்கள். நடுவே ஒரு பலகாரக் கூடை. பள்ளிகொண்டா தாண்டும் வரையில் வானம் சும்மா முணுமுணுத்துக்கொண்டிருந்தது. மாதனூரை நெருங்கும்போது கொட்ட ஆரம்பித்தது பாருங்கள், முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. அக்கா நிதானமான பெண்மணி. வேகத்தைக் குறைத்து எழுபதுக்குச் சற்று மேலே வைத்திருந்தாள். தேங்கியிருந்த தண்ணீரில் சக்கரம் ஏறிற்று. "என்னடி இது, ஸ்டியரிங் காற்றாய்ச் சுழல்கிறதே!" என்றாள். அவள் திருப்பிய பக்கம் கார் திரும்பவில்லை. தன்பாட்டில் பக்கத்து லாரியை நோக்கி நழுவிற்று. இரண்டு விநாடிதான் இருக்கும். பிறகு சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

பின் ஸீட்டில் சின்னவள், "அம்மா, இன்னொரு தடவை!" என்று கை தட்டினாள். எங்கள் இருவருக்கும் ஆம்பூர் வரும் வரை பேச்சே எழவில்லை.

ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒரு டயர் கடைப் பெரியவர் குனிந்து பார்த்தார். நாங்கள் பார்த்தவரையில் டயரில் குறை எதுவும் தெரியவில்லை. நடுவில் பள்ளம் பள்ளமாகத்தான் இருந்தது. அவரோ இரண்டு ஓரங்களையும் கட்டை விரலால் தடவிக் காட்டினார். மொழுக்கென்று இருந்தது. காற்றை அளந்தார். 30 இருக்க வேண்டிய இடத்தில் 21!

"ஏம்மா, ஊர் பூரா ஷூ தைக்கிற ஊருக்கு வந்திருக்கீங்க. அடி தேய்ஞ்ச ஷூவை யாராச்சும் போடுவாங்களா? வண்டிக்கு மட்டும் போட்டிருக்கீங்களே!" என்றார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னது உண்மையிலேயே சரித்திரம் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. உலகத்தின் முதல் காற்றடைத்த டயருக்கு மேலுறை எது தெரியுமா? தோல்! 1845-ல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்ஸன், ரப்பர் பூசிய துணிக் குழாயில் காற்றை அடைத்து, அதற்குத் தோலில் சட்டை போட்டுக் குதிரை வண்டிச் சக்கரத்தில் மாட்டும் டயரைக் கண்டுபிடித்தார். பாவம், உலகம் அதை மறந்துவிட்டது. 1888-ல் பெல்பாஸ்டில் மாட்டு வைத்தியரான டன்லப், தம் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிள் கடகடக்கிறதே என்று மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அப்புறம் 1905-ல் பிரான்சின் மிஷலின் கம்பெனியார் வழுக்காத டயர் ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் தரையைத் தொடும் பாகம் தோல். அதில் இரும்பு ஆணிகள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'செமெல்'. பிரெஞ்சில் அந்த வார்த்தைக்குச் செருப்பின் அடி என்றே அர்த்தம். வாணியம்பாடிக்காரரும் பேரணாம்பட்டுக்காரரும் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!

சரி, கார் ஏன் நழுவிற்று? ஒரு டயர் தரையைத் தொடுகிற இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கைகளின் மேல்தான் அவ்வளவு பெரிய காரும், அதற்குள்ளே உங்கள் குழந்தைகளும் போகிறார்கள். மழையில் அந்த உள்ளங்கைக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிடுகிறது. டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அழகுக்காக அல்ல. அந்தத் தண்ணீரை வெளியே தள்ளும் வாய்க்கால்கள். வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் எங்கே போகும்? சக்கரத்தையே தூக்கிவிடுகிறது. கார் ஓடம் ஆகிவிடுகிறது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. 1963-ல் அமெரிக்க நாசா ஆராய்ச்சியாளர்கள் விமானச் சக்கரங்களைச் சோதித்து ஒரு கணக்குச் சொன்னார்கள். அதன்படி பார்த்தால், 30 பவுண்டு காற்றுள்ள சக்கரம் தேங்கிய நீரில் மிதக்க ஆரம்பிப்பது மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டரில். காற்று 20-க்கு இறங்கினால் 75-லேயே மிதந்துவிடும். தேய்ந்த கார் டயர் இதற்கு முன்பேகூட மிதக்கலாம். அக்காவின் எழுபது ஏன் போதாமல் போயிற்று என்று இப்போது புரிகிறதல்லவா?

அப்படி மிதக்கும்போது பிரேக்கை ஓங்கி மிதிக்கக்கூடாது. ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் தானே தரைக்கு வந்து சேரும். பல மாதம் வெயில் காய்ந்த பிறகு வருகிற முதல் மழையில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ரோட்டில் படிந்த எண்ணெயும் புழுதியும் நனைந்து சோப்பாகிவிடும். ஷூ தொழிற்சாலைகளுக்கு ஸ்கூட்டரில் பறக்கும் பெண்களே, வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் மழையில் எப்படி வழுக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே பிரேக் பிடிக்காமல் நேராகத் தாண்டிவிடுங்கள்.

இனிக் கடைக்குப் போகலாம். புடவை எடுக்கிற சாமர்த்தியம் இருந்தால் போதும், டயரும் எடுக்கலாம். டயரின் பக்கவாட்டில் தேதி போட்டிருக்கும்: நாலு எண்கள். 2324 என்றால் 2024-ம் வருஷத்து 23-வது வாரம். புதிது என்று கடைக்காரர் கொடுக்கிறது மூன்று வருஷம் அலமாரியில் தூங்கினதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அளவு, ஓட்டுநர் பக்கத்துக் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் கண்டபடியே இருக்கட்டும். அகலமானது பார்வையாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். மழைக்கு வேண்டியது நீளவாட்டில் ஆழமாக ஓடும் பள்ளங்கள். இரண்டு டயர்தான் மாற்ற வசதி என்றால் புதியவற்றைப் பின் சக்கரங்களில் போடச் சொல்லுங்கள். ஏன் என்கிறீர்களா? முன் பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க இடமுண்டு. பின் பக்கம் வழுக்கினால் கார் பம்பரமாகிவிடும்.

பள்ளங்களின் அடியில் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். மேல்பாகம் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், சட்டப்படி டயரின் ஆயுள் தீர்ந்தது. மழையில் ஓட்டுகிறவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது உத்தமம். தேயாவிட்டாலும் வேலூர் வெயில் ரப்பரை உலர்த்தி வெடிக்க வைத்துவிடும். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன டயரை வருஷத்துக்கு ஒரு முறை காட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். டிக்கியில் தூங்குகிற ஐந்தாவது சக்கரத்தை மறக்க வேண்டாம்.

நம் ஊரில் பனி மழை பெய்யாது. ஆனால் பிள்ளையோ பெண்ணோ ஜெர்மனியில் இருந்தால் இந்தச் சேதி உங்களுக்கும் உபயோகப்படும். 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்து, ஈரத்தைக்கூடப் பிடிக்காது. ஆகையால் அங்கே குளிருக்கென்றே மிருதுவான டயர் விற்கிறார்கள். மூன்று சிகர மலையும் நடுவில் ஒரு பனித் துளிப் பூவும் அதன் அடையாளம். பனியும் உறைபனியுமான ரோட்டில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று ஜெர்மனியில் 2010 முதல் சட்டம். 2024 அக்டோபரிலிருந்து அந்த மலை முத்திரை இருந்தால்தான் செல்லும். "இங்கே அவ்வளவாகப் பனி இல்லை அம்மா" என்று பிள்ளை டெலிபோனில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். எப்போதாவது பனி விழுகிற ஊரில்தான் ஜனங்கள் சாதாரண டயரோடு கிளம்பிவிடுகிறார்கள். அதற்காக, அந்த மிருதுவான டயரை இங்கே வரவழைத்து மாட்டுவதும் சரியல்ல. நம் சித்திரை வெயிலில் அது அழிரப்பர் மாதிரி தேய்ந்துபோகும். மணாலிக்கு வாடகைக் காரில் போகிறவர்கள், பனி விழுந்திருந்தால் சக்கரத்துக்குச் சங்கிலி இருக்கிறதா என்று ஓட்டுநரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மார்கழியில் அக்கா எங்களை ஏலகிரிக்கு அழைத்துப் போனாள். காலையில் மலை பூராவும் மூடுபனி. கொண்டை ஊசி வளைவுகள் 14. புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது பிரேக்கையே நம்பாமல் இரண்டாவது கியரில், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் கொடுத்து, கோயில் தேர் மாதிரி அசைந்து வந்தாள். கிளம்புமுன் நாலு டயரையும் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொட்டாள். கார் ஓரிடத்திலும் இம்மியளவு வழுக்கவில்லை.

அடிவாரம் வந்ததும் சின்னவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "இவ்வளவுதானா அம்மா?" என்றாள்.