கண்ணாடியில் விழுந்த வானம்

விண்மீன் படம் என்றாலே இப்போது ஒரு வார்ப்பு வந்துவிட்டது. கருநீலமும் ஊதாவும் கலந்து பாயும் பால்வீதி, அதற்குக் கீழே சிறியதாக ஒரு தேவாலயம், ஓரத்தில் 19ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். கிறிஸ்தவக் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் விடிந்ததும் விடியாததுமாக வந்து விழும். நியூசிலாந்தில் டெகாபோ ஏரிக்கரையில் 1935இல் கட்டிய நல்ல மேய்ப்பன் ஆலயம் இப்படிப்பட்ட படங்களால்தான் உலகம் முழுக்கத் தெரிந்தது. அந்த வட்டாரம் 2012இல் சர்வதேச இருள்வானக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இரவில் அந்த ஆலயத்தைச் சுற்றி முக்காலிகளோடு கூட்டம் நிற்கிறது. கோயிலுக்குள் படமெடுக்க அனுமதி இல்லை. ஜெபிக்க வருகிறவர்களும் இருப்பார்கள் அல்லவா!

இந்தப் படங்களைக் குறை சொல்லவில்லை. பார்த்ததும் ஒரு கணம் வாயடைத்துப்போகிறோம், அதுவும் ஒருவகைத் துதிதான். ஆனால் விசுவாசத்தோடு வானத்தைப் படமெடுத்த கதை இதைவிடப் பழையது. அந்தப் பழைய படங்களில் பார்த்து ரசிக்க எதுவுமே கிடையாது. ஒரு சாண் அகலம்கூட இல்லாத சதுரக் கண்ணாடித் தகடு, அதில் சாம்பல் பின்னணி, மிளகுத் தூளைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். அவ்வளவுதான். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விண்மீன்.

1887 ஏப்ரலில் பாரிஸ் வானாய்வகத்தின் இயக்குநர் எர்னெஸ்ட் மூஷே பல நாட்டு வானியலாளர்களைக் கூட்டினார். முழு வானத்தையும் ஒளிப்படத்தில் பதிவு செய்து வரைபடமாக்கிவிடலாம் என்பது அவர் திட்டம். எல்லோரும் ஒரே அளவுத் தொலைநோக்கியை வைத்துக்கொள்ள வேண்டும்: 33 செ.மீ. வில்லை, சுமார் 3.4 மீட்டர் குவியத்தூரம். பாரிஸின் ஹென்றி சகோதரர்கள் வடிவமைத்தது. இந்த அளவில் வானத்தின் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, தகட்டில் சரியாக ஒரு மில்லிமீட்டராக விழும். முழுநிலவு என்றால் மூன்று சென்டிமீட்டர் வட்டம். வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படும் மிக மங்கலான விண்மீனைவிட நூறு மடங்கு மங்கலானவைவரை ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து அட்டவணையாக்க வேண்டும். சுமார் இருபது ஆய்வகங்கள் வானத்தை வயல்போலப் பாத்தி பிரித்துக்கொண்டன. பின்னால் சேர்ந்த ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்துக்கும் தென்வானில் ஒரு பட்டை கிடைத்தது.

இந்த வரிசையில் வத்திக்கானும் இருந்தது. அது எப்படி வந்தது? 1870இல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தபோது போப்பின் ஆட்சிப் பகுதி முழுவதும் கைவிட்டுப் போனது. சூரிய ஆராய்ச்சிக்குப் பேர்போன இயேசு சபைக் குரு ஆஞ்செலோ செக்கி 1878இல் இறந்ததும் அவர் நடத்திய ஆய்வகத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. திருச்சபை அறிவியலுக்கு எதிரி என்ற பேச்சு வேறு பலமாக அடிபட்டது. அந்தப் பேச்சுக்குப் பதிலடியாக 1891 மார்ச்சில் பதின்மூன்றாம் லியோ வத்திக்கான் வானாய்வகத்தைப் புதிதாகத் தொடங்கினார். ஆக, இதில் பக்தி மட்டுமல்ல, அரசியலும் இருந்தது. நாடே இல்லாத போப்புக்கு உலக நாடுகளோடு ஒரே மேசையில் உட்கார வானம் ஓர் இடம் கொடுத்தது என்றும் சொல்லலாம்.

முதல் இயக்குநர் பிரான்செஸ்கோ டென்சா, பர்னபைட் சபைத் துறவி. தொலைநோக்கியை நிறுத்த ஒன்பதாம் நூற்றாண்டு மதிலில் இருந்த ஒரு கோபுரத்தைக் கொடுத்தார்கள். சராசன் படைகள் ரோமைச் சூறையாடியபின் பாதுகாப்புக்காக எழுப்பிய மதில் அது. ஜுசெப்பே லாயிஸ் என்ற ஒரட்டோரியன் குரு அங்கே தகடு தகடாகப் படமெடுத்தார். இன்றைய கேமராக்காரர்களுக்கு அந்த வேலையைச் சொன்னால் தலை சுற்றும். பூமி சுழல்வதால் விண்மீனின் பிம்பம் தகட்டில் நொடிக்குக் கால் மில்லிமீட்டர்வரை நகரும். கடிகாரப் பொறி தொலைநோக்கியை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தாலும் அதை முழுக்க நம்ப முடியாது. எனவே இணைக் குழாயில் கண்ணைப் பதித்து, ஒரு வழிகாட்டி விண்மீனைக் குறுக்கிழைகளின் சந்திப்பிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். அட்டவணைக்கான படத்துக்குச் சில நிமிடங்கள் போதும். வரைபடத்துக்கான படம் என்றால் அரைமணி நேரமாக மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மயிரிழை நகர்த்தி. ஒவ்வொரு விண்மீனும் குட்டி முக்கோணமாகப் பதியும். அப்போதுதான் தூசி எது, விண்மீன் எது என்று பிரித்தறியலாம்.

படமெடுப்பதாவது பரவாயில்லை. அளப்பதுதான் மலை. வத்திக்கானின் பங்கு வடவானில் 55 முதல் 64 பாகைவரை. எடுத்த தகடுகள் குவிந்துகிடந்தன, அளக்க ஆளில்லை. 1909இல், ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்த பீசா பேராயர் பியேத்ரோ மாஃபி, மரியா பம்பினா சபையின் தலைமைச் சகோதரிக்குக் கடிதம் எழுதினார். நல்ல பார்வையும் பொறுமையும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப முறையாகச் செய்யும் இயல்பும் உள்ள இரண்டு சகோதரிகள் வேண்டும் என்று கேட்டார். மருத்துவமனையும் பள்ளியும் நடத்தும் சபை அது. வங்காளத்தில் கிருஷ்ணநகருக்கு 1860லேயே சகோதரிகளை அனுப்பியிருந்தது. ஏழைக்கும் நோயாளிக்கும் உதவாத காரியத்துக்கு இருவரை ஏன் வீணாக்க வேண்டும் என்று சபையின் ஆலோசனைக் குழுவினர் தயங்கினார்கள். நியாயமான கேள்விதான். என்னைக் கேட்டால், விண்மீன்களின் முன்னால் நின்று ஒரு கிறிஸ்தவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான். தலைமைச் சகோதரி இதுவும் கடவுளின் விருப்பமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவைத்தார்.

1910இல் வேலை தொடங்கியது. இருவர் போதாமல் மூன்றாவது சகோதரியும் பிறகு நான்காவது சகோதரியும் வந்தார்கள். சாய்வான பலகையில் தகடு, அடியிலிருந்து வெளிச்சம், மேலே நுண்ணோக்கி. தகட்டின் மேல் எண்ணிட்ட கட்டங்கள். ஒருவர் புள்ளி இருக்கும் இடத்தைக் கிடையாகவும் நெடுக்காகவும் அளந்து எண்களை உரக்கச் சொல்வார், இன்னொருவர் பேரேட்டில் எழுதுவார். அடுத்த புள்ளி. அதற்கடுத்தது. 1921வரை அவர்கள் அளந்து முடித்தது 4,81,215 விண்மீன்கள். ஞாயிறையும் திருநாளையும் வேலை நாளாகவே வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 120 வருகிறது. ஓர் எண் மாறினால், ஒரு கட்டம் தவறினால் ஒரு விண்மீன் இடம்பெயர்ந்துவிடும். ஜெபமாலை உருட்டிப் பழகிய கைகளுக்கு இந்த வேலை அந்நியமாக இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1920இல் பதினைந்தாம் பெனடிக்ட் அவர்களை அழைத்துப் பேசினார், ஒரு தங்கக் கிண்ணம் பரிசளித்தார். 1928இல் பதினோராம் பயஸ் வெள்ளிப் பதக்கம் தந்தார். அதோடு சரி. பெயர்கள் மறைந்துபோயின. நெடுங்காலம் அவர்கள் வெறும் கன்னியாஸ்திரிகளாகவே குறிப்பிடப்பட்டார்கள். 2016 வாக்கில் வானாய்வகத்தின் ஆவணங்களை ஒழுங்குபடுத்திய இயேசு சபைக் குரு சபினோ மாஃபேயோ கண்ணில் அந்தப் பெயர்கள் பட்டன: எமிலியா பொன்சோனி, ரெஜினா கொலம்போ, கொன்செத்தா ஃபினார்தி, லூயிஜா பான்செரி. நான்கு பேருமே மிலான் நகரத்துப் பக்கத்து லொம்பார்தியப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வகத்தில் இதே காலத்தில் தகடு பார்த்த பெண்கள் பற்றிப் புத்தகங்கள் வந்துவிட்டன. இவர்களுக்கு இன்னும் வரவேண்டும்.

இவர்கள் அளந்து முடித்த சில ஆண்டுகளிலேயே ரோமின் மின்விளக்குகள் வத்திக்கான் வானத்தை வெளுக்கவைத்தன. ஆய்வகம் 1935இல் காஸ்டல் கண்டோல்ஃபோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கும் வெளிச்சம் துரத்தியது. இப்போது ஆய்வுக் குழுவின் தொலைநோக்கி அமெரிக்காவின் அரிசோனா மலைமேல் இருக்கிறது.

பாரிஸ் திட்டமிட்ட வரைபடம் முழுமையடையாமலேயே நின்றுபோனது. அட்டவணை மட்டும் 1960களில்தான் ஒருவழியாக முடிந்தது, அதற்குள் தொழில்நுட்பம் வெகுதூரம் போய்விட்டிருந்தது. காலாவதியான வேலை என்று பலர் கைகழுவினார்கள். பிறகு ஐரோப்பாவின் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாக அளந்தது. ஒரு விண்மீன் எவ்வளவு நகர்கிறது என்று சொல்ல இன்றைய இடம் மட்டும் போதாது, பழைய இடமும் வேண்டும். 2000இல் வெளியான டைகோ-2 அட்டவணை 25 லட்சம் விண்மீன்களின் நகர்வைக் கணக்கிட்டபோது, பழைய இடங்களுக்காகப் புரட்டியவற்றில் முக்கியமானது பாரிஸ் திட்டத்தின் அந்த நூற்றாண்டு அட்டவணை. வடவானத்தில் 55 முதல் 64 பாகைவரையான பட்டைக்கு அதிலிருந்த எண்கள், அந்த நால்வரும் வாய்விட்டுச் சொல்லிப் பேரேட்டில் எழுதியவை.