இரு கைகளுக்கு இரு விசைப்பலகைகள்

விசைப்பலகையின்மேல் விரல்களை வைத்தபடியே நம் கைகளை ஒருமுறை உற்று நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். தோள்களின் அகலம் ஏறத்தாழ ஒரு முழம். எழுத்து விசைகள் பரந்திருக்கும் இடமோ ஒரு சாண். ஆகவே முன்கைகள் இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்து வருகின்றன. விரல்கள் நேரே நிற்கவேண்டியிருப்பதால் மணிக்கட்டுகள் சுண்டுவிரல் பக்கமாக வளைகின்றன. கடிதமொன்றைத் தட்டச்சுச் செய்வோருக்கு இதனால் தீங்கில்லை. நாள்தோறும் ஆறேழு மணி நேரம் மொழிபெயர்ப்பிலே கழிப்போருக்கு இவ்வளைவு நாளடைவில் வலியாக மாறக்கூடும். சென்ற ஆண்டு நமக்கு அவ்வாறே நேர்ந்தது. மருத்துவர் சோதித்துப் பார்த்து, நரம்பிலே கோளாறு இல்லை என்றும், கை வளையும் முறையை மாற்றவேண்டும் என்றும் கூறினார்.

இக்குறை எவ்வாறு வந்தது? ஷோல்ஸ் என்னும் அமெரிக்கர் 1868-இல் தட்டச்சுப்பொறிக்கு உரிமம் பெற்றார். 1874-இல் அது விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு விசையின்கீழும் ஒரு நெம்புகோல் செல்லவேண்டியிருந்தமையால் விசை வரிசைகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி அமைந்தன. நெம்புகோல்கள் மறைந்துவிட்டன, அமைப்பு மட்டும் நிலைத்துவிட்டது. பலகையை இரண்டாகப் பிரித்தல் நலம் என்று ஜெர்மனியில் க்ளாக்கன்பெர்க் 1926-இலேயே எழுதினார். 1972-இல் குரோமர் அக்கருத்தைச் சோதனைகளால் ஆராய்ந்து வெளியிட்டார். 1994-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் வளைந்த பலகை கடைகளுக்கு வந்தது. எனினும் முழுமையாக இரு துண்டுகளாகப் பிரிந்த நல்ல பலகையின் விலை இன்றும் 10,000 ரூபாயைத் தாண்டுவதுண்டு. பொருந்துமா பொருந்தாதா என்று தெரியாத ஒரு கருவிக்கு இத்தொகையைச் செலவிட யாருக்கும் தயக்கம் உண்டாதல் இயல்பே.

இத்தயக்கத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரே கணினியில் சாதாரண விசைப்பலகைகள் இரண்டினை யு.எஸ்.பி. வழியாக இணைத்து, ஒன்றை இடக்கைக்கும் மற்றொன்றை வலக்கைக்கும் ஒதுக்கிவிடலாம். விண்டோஸ், லினக்ஸ் ஆகியவற்றில் ஒரு பலகையில் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு மறு பலகையில் எழுத்தைத் தட்டலாம். மேக் கணினியில் மட்டும் இதற்குத் தனி மென்பொருள் வேண்டும்.

நாம் முதலில் வீட்டில் கிடந்த முழுப் பலகைகள் இரண்டினை அருகருகே வைத்தோம். இடப்புறப் பலகையின் எண்விசைப் பகுதி நடுவே நீண்டு நின்றமையால் கைகள் மிக விலகித் தோள்கள் நொந்தன. பின்னர் எண்விசைகள் இல்லாத சிறு பலகை ஒன்றை 800 ரூபாய்க்குள் வாங்கி இடப்புறம் வைத்தோம். கைகள் தோளுக்கு நேரே வந்தன. இரு பலகைகளையும் முன்கையின் போக்கிற்கேற்பச் சற்றுத் திருப்பி வைத்தோம். அடியிலுள்ள கால்களை மடக்கிவிட்டோம். கால்கள் உயர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். இவ்விரண்டிற்கும் செலவே இல்லை.

ஆனால் இச்சோதனையில் ஒரு மயக்கம் உண்டு. வலப்புறப் பலகையிலும் எல்லா எழுத்துகளும் இருப்பதால், வலக்கை எல்லை மீறினாலும் பிழை தெரிவதில்லை. உண்மையான பிரிவுப் பலகையில் அவ்விசை மறுபாதியில் அன்றோ இருக்கும்! ஆகவே வலப்புறப் பலகையில் இடக்கைக்குரிய விசைகளின்மேல் காகிதம் ஒட்டிவிட்டோம். அப்போதுதான் நம் தவறு வெளிப்பட்டது. தமிழ்99 முறையில் உயிரெழுத்துகள் யாவும் இடக்கைக்கும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியவை. ‘வ’, ‘ங’ ஆகிய இரண்டும் இடக்கைப் பகுதியில் உள்ளன. ‘ங’ விசையை நாம் இத்தனை ஆண்டுகளாக வலக்கை ஆள்காட்டி விரலால் தட்டிவந்திருக்கிறோம்! ‘எங்கள்’, ‘நீங்கள்’ என எழுதும்போதெல்லாம் விரல் காகிதத்தின்மேல் விழுந்தது.

முதல் வாரம் வேகம் பாதியாகக் குறைந்தது. மூன்றாம் வார இறுதியில் ஏறத்தாழப் பழைய நிலைக்கு மீண்டது. மாலைவலியும் தணிந்தது. எனினும் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கும் வழக்கத்தையும் அதே காலத்தில் மேற்கொண்டமையால், முழுப் பெருமையையும் பலகைக்கே அளித்தல் நேர்மையாகாது. பிரிவுப் பலகை மணிக்கட்டின் வளைவைக் குறைக்கும் என்பது அளந்து அறியப்பட்ட செய்தி. நோயைத் தீர்க்கும் என்று உறுதி கூறுதற்கில்லை. இரவில் விரல்கள் மரத்துப்போகுமாயின் கடைக்காரரை அன்று, மருத்துவரையே நாடவேண்டும்.

ஒரு திங்கள் இவ்வாறு பழகியபின் விலையுயர்ந்த பலகையை வாங்க விரும்புவோர் இரண்டினைக் கருதுக. இரு பாதிகளின் இடைவெளியை வேண்டியவாறு மாற்ற இயலவேண்டும். விசைகள் செங்குத்து நிரல்களாக அமைந்த பலகையாயின், விரல்களுக்கு மீண்டும் ஒரு பயிற்சி தேவைப்படும். நம் மேசைமீதோ இன்னும் அவ்விரு பலகைகளே இருக்கின்றன. ‘ங’ இப்போது இடக்கைக்குப் பழகிவிட்டமையால் காகிதத்தை மட்டும் எடுத்துவிட்டோம்.